தர்மாஸ்பத்திரியும் கார்ப்பரேட் ஆஸ்பத்திரியும்

என் பாட்டி இருந்தவரை எங்கள் வீட்டில் அரசு மருத்துவமனைக்குத் தர்மாஸ்பத்திரி என்றுதான் பெயர். யாரையாவது அங்கே சேர்த்திருக்கிறார்கள் என்று சொல்லும்போது அவர் குரல் சற்றுத் தாழும். நோயைப் பற்றிய வருத்தத்தோடு, அந்த வீட்டில் கையில் காசில்லை என்ற செய்தியும் அதில் சேர்ந்தே இருக்கும். தர்மம் என்பது யாரோ மனமிரங்கிக் கொடுப்பது. வாங்குகிறவர் கேள்வி கேட்க முடியாது. கட்டில் இல்லையா, தரையில் பாய் விரித்துக்கொள். மருத்துவர் இன்னும் வரவில்லையா, காத்திரு. இன்று நாம் 'ஜி.எச்.' என்கிறோம். பெயர் மாறியும் அந்தக் குரல் தாழ்வது நிற்கவில்லை.

ஆனால் அந்த ஆஸ்பத்திரி யாருடைய தர்மத்திலும் நடக்கவில்லை. சோப்பு வாங்குகிறவரும் பெட்ரோல் போடுகிறவரும் கட்டுகிற வரியில் நடக்கிறது. கூலிக்காரரும் அந்த வரியைக் கட்டித்தான் வரிசையில் நிற்கிறார்.

அரசு மருத்துவமா தனியார் மருத்துவமா, எது மேல் என்று கேட்டால் பெரும்பாலும் சொந்த அனுபவத்தை வைத்தே பதில் சொல்கிறோம். என் அனுபவத்தையும் முதலில் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என் பெரியப்பா குளியலறையில் வழுக்கி விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்தது. முதலில் போனது தனியாருக்கு. பத்து நிமிடத்தில் எக்ஸ்ரே. எலும்பு மருத்துவர் பக்கத்தில் உட்கார்ந்து படத்தைக் காட்டி விளக்கினார். மறுநாள் காலையே அறுவைச் சிகிச்சை, 'பேக்கேஜ்' இரண்டரை லட்சம், உடனே ஒரு லட்சம் அட்வான்ஸ். பணம் புரளவில்லை. ஆம்புலன்ஸ் பிடித்து ஓர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு மாற்றினோம். ஸ்ட்ரெச்சர் தள்ளியவர் கை நீட்டினார். அறுவைச் சிகிச்சைக்கு ஆறாம் நாள்தான் முறை வந்தது. இடுப்பெலும்பு முறிவுக்கு இரண்டு நாளுக்குள் செய்துவிட வேண்டும் என்பார்கள். அந்தத் தாமதத்தில் அவருக்குப் படுக்கைப் புண் வந்தது. ஆனால் கத்தி பிடித்தவர் கைதேர்ந்த பேராசிரியர். இரவு இரண்டு மணிக்குப் பட்டமேற்படிப்பு மாணவர் ஒருவர் வந்து கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டுப் போனார். உள்ளே பொருத்திய உலோகத்துக்குக் காப்பீட்டு அட்டை போதுமானதாக இருந்தது. எங்களுக்குச் சில ஆயிரம்தான் செலவு. பெரியப்பா எழுந்து நடந்தார்.

நேரத்தையும் மரியாதையையும் தனியார் தந்தது. காசு இல்லாதபோது சிகிச்சையை அரசு தந்தது. ஆனால் ஒரு குடும்பத்தின் ஒரு வாரத்தை வைத்து நாட்டுக்குத் தீர்ப்பு எழுதிவிட முடியாது. எனவே கொஞ்சம் விலகி நின்று, எண்களையும் வரலாற்றையும் பார்ப்போம்.

தேசிய மாதிரி ஆய்வின் 75-ஆவது சுற்று 2017-18-இல் நடந்தது. பிரசவத்தைத் தவிர்த்து, ஒருமுறை மருத்துவமனையில் சேர்ந்தால் இந்தியக் குடும்பம் கையிலிருந்து செய்த சராசரி மருத்துவச் செலவு, அரசு மருத்துவமனையில் 4,452 ரூபாய்; தனியாரில் 31,845 ரூபாய். ஏழு மடங்கு. இதை அப்படியே 'தனியார் ஏழு மடங்கு கொள்ளை' என்று படித்தால் தவறு. அரசு மருத்துவரின் சம்பளமும் கட்டடமும் கருவியும் வரிப்பணத்தில் கழிந்துவிடுகின்றன. அவை அந்த 4,452-இல் சேரவில்லை. ஆனால் கட்டில் பக்கத்தில் நிற்கும் குடும்பத்துக்கு இந்தக் கணக்கியல் நுணுக்கம் உதவாது. கையில் இருந்து போவது எவ்வளவு, அதற்கு நகையை வைக்க வேண்டுமா நிலத்தை விற்க வேண்டுமா என்பதே அவர்கள் கேள்வி. அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் உண்டு. இப்படிச் செலவாகும் என்று தெரிந்தும், உள்நோயாளிகளில் நூற்றுக்கு 55 பேர் தனியாருக்குத்தான் போனார்கள். மலிவாக இருப்பது மட்டுமே மக்களை அரசு மருத்துவமனைக்கு இழுத்துவிடவில்லை. இதை அரசு மருத்துவத்தை ஆதரிப்பவர்கள் நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும்.

மருத்துவம் ஏன் மற்ற வணிகங்களைப் போல் இல்லை என்பதைப் பொருளியல் அறிஞர் கென்னத் ஆரோ 1963-லேயே ஒரு கட்டுரையில் விளக்கினார். கத்தரிக்காய் வாங்கும்போது சொத்தையா நல்லதா என்று நமக்கே தெரியும். விலை கூடுதல் என்றால் அடுத்த கடைக்குப் போகலாம். நெஞ்சுவலியோடு போகிறவருக்கு என்ன வேண்டும் என்பதே தெரியாது. என்ன வேண்டும் என்று சொல்கிறவரும், அதை விற்கிறவரும் ஒருவரே. நோயாளியின் அறியாமையும் மருத்துவரின் அறிவும் இப்படி எதிரெதிரே நிற்கும்போது, போட்டி தானாகவே விலையைக் குறைத்துத் தரத்தைக் கூட்டிவிடும் என்ற நம்பிக்கை வேலை செய்வதில்லை. அங்கே பெரும்பாரத்தைத் தாங்குவது மருத்துவரின் மனச்சாட்சி. அந்த மனச்சாட்சியின் மேல் மாதந்தோறும் இவ்வளவு வருவாய் காட்ட வேண்டும் என்ற இலக்கை ஏற்றினால் என்ன ஆகும்?

சிசேரியன் கணக்கைப் பாருங்கள். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றின்படி (2019-21), இந்தியாவில் அரசு மருத்துவமனைப் பிரசவங்களில் 14.3 சதவீதம் சிசேரியன், தனியாரில் 47.4 சதவீதம். தமிழ்நாட்டில் அரசில் 36 சதவீதம், தனியாரில் 63.8 சதவீதம். தெலங்கானாவில் தனியார் பிரசவங்களில் 81.5 சதவீதம். தனியாருக்குப் போகும் பெண்களின் வயது, நாள் நட்சத்திரம் பார்த்துக் கேட்கும் குடும்பங்கள், வழக்குக்கு அஞ்சும் மருத்துவர்கள் என்று காரணங்கள் சில உண்டு. அவற்றையெல்லாம் கழித்தாலும், ஒரே நாட்டுப் பெண்களின் உடல், கட்டணக் கவுன்டர் மாறியதும் இவ்வளவு மாறிப்போகாது. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளின் 36 சதவீதமும் பெருமைப்படத் தக்கதில்லை. அதையும் துறை உட்கார்ந்து ஆராய வேண்டும்.

தமிழ்நாட்டைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும். இரண்டு முறைகளும் இங்கே வலுவாக வளர்ந்தவை. 1664-இல் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் கம்பெனிச் சிப்பாய்களுக்காகத் தொடங்கிய சிறிய மருத்துவமனைதான் இன்று சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு எதிரே நிற்கும் அரசுப் பொது மருத்துவமனை. சென்னை மருத்துவக் கல்லூரிக்கு வயது 1835-லிருந்து. நாட்டிலேயே முதலாவதாகப் பொதுச் சுகாதாரத்துக்கென்று முழுமையான சட்டம் வந்தது சென்னை மாகாணத்தில்தான், 1939-இல். விடுதலைக்குச் சற்று முன், 1946-இல் ஜோசப் போர் தலைமையிலான குழு, பணம் கட்ட முடியவில்லை என்பதற்காக யாருக்கும் மருத்துவம் மறுக்கப்படக் கூடாது என்று எழுதிவைத்தது. ஆரம்ப சுகாதார நிலையம் என்ற அமைப்பு அந்த அறிக்கையிலிருந்து வந்தது.

மறுபக்கம், 1983-இல் சென்னை கிரீம்ஸ் சாலையில் பிரதாப் ரெட்டி அப்போலோவைத் தொடங்கினார். இந்தியாவில் கார்ப்பரேட் மருத்துவமனை என்பதன் பிறப்பிடம் நம் ஊர். இதய அறுவைக்கு வெளிநாடு போய்க்கொண்டிருந்தவர்களை இங்கேயே நிறுத்தியது அது. அந்தப் பங்கை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்றையும் சேர்த்து நினைவில் வைக்க வேண்டும். இந்தியாவின் முதல் இதய பைபாஸ் அறுவைச் சிகிச்சை அதற்கும் முன்பே, 1975-இல், பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் நடந்தது. செய்தவர் மருத்துவர் கே.எம். செரியன். மருத்துவர்கள் சம்பளத்துக்கு வேலை செய்த ஓர் அரசு மருத்துவமனையில், ரயில்வே தொழிலாளிகள் படுத்த கட்டில்களுக்கு நடுவே அது நடந்தது. புதுமை என்றால் தனியார், பழமை என்றால் அரசு என்ற பேச்சு வரலாற்றின் முன் நிற்காது.

தமிழ்நாட்டின் அரசு மருத்துவத்தை உண்மையில் தூக்கி நிறுத்தியது, யாரும் மேடையில் அதிகம் பேசாத ஒரு கிடங்கு ஏற்பாடு. 1990-களின் தொடக்கம் வரை அரசு மருத்துவமனையில் மாத்திரை என்றால், தாளில் மடித்துக் கொடுக்கும் உதிரி மாத்திரை. பாதி நாள் இருப்பு இருக்காது. வெளியே வாங்கிக்கொள் என்று சீட்டு எழுதுவார்கள். கொள்முதலில் முறைகேடுகள் வெளிவந்த பிறகு, 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் தொடங்கப்பட்டது. மாநிலம் முழுமைக்கும் ஒரே அத்தியாவசிய மருந்துப் பட்டியல், ஒரே ஒப்பந்தப்புள்ளி, மாவட்டந்தோறும் கிடங்கு. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் வங்கியில் தருவது போல ஒரு பாஸ்புக். ஆண்டுக்கு இவ்வளவு ரூபாய்க்கு மருந்து எடுக்கலாம் என்று அதில் வரவு வைப்பார்கள்; எடுக்க எடுக்கக் கழிப்பார்கள். எந்த மருந்து எவ்வளவு வேண்டும் என்பதை மேலிருந்து யாரும் திணிப்பதில்லை, அந்த மருத்துவமனையே முடிவு செய்கிறது. வந்த மருந்திலிருந்து மாதிரி எடுத்து, தயாரித்த கம்பெனியின் பெயரை மறைத்து, குறியீட்டு எண் மட்டும் போட்டுச் சோதனைக்கூடத்துக்கு அனுப்புகிறார்கள். தேறாவிட்டால் அந்தத் தொகுதி வெளியே போகாது.

எவ்வளவு எளிமையான ஏற்பாடு! மொத்தமாக வாங்குவதால் விலை சரிந்தது. விற்பனைக்கல்ல என்று அச்சிட்ட பட்டையில் மாத்திரை வந்ததால் வெளிக்கடைக்குக் கடத்துவது கடினமாயிற்று. கேரளமும் ராஜஸ்தானும் வேறு சில மாநிலங்களும் இந்த முறையைப் பார்த்துத் தத்தம் கழகங்களை அமைத்தன. வெளியே ஆயிரக்கணக்கில் கேட்ட சி.டி. ஸ்கேனை அரசு மருத்துவமனை வளாகத்திலேயே 500 ரூபாய்க்கு எடுத்துத் தந்ததும் இதே கழகம்தான். திறமை என்பது லாப நோக்கம் உள்ள இடத்தில்தான் பிறக்கும் என்று சொல்கிறவர்கள், இந்தக் கிடங்குகளில் ஒன்றையாவது போய்ப் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

மருத்துவர்களைக் கிராமத்தில் நிறுத்தியதற்கும் இப்படி ஒரு சூட்சுமம் உண்டு. எம்.பி.பி.எஸ். முடித்த இளைஞர் ஏன் ஒரு குக்கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும்? தமிழ்நாட்டில் அதற்கு விடை இருந்தது. அரசுப் பணியில் இருப்பவர்களுக்குப் பட்டமேற்படிப்பில் தனி ஒதுக்கீடு. சில ஆண்டுகள் கிராமத்தில் பணி செய்தால் எம்.டி., எம்.எஸ். படிக்க வழி திறக்கும். படித்து முடித்தவர் மீண்டும் அரசு மருத்துவமனைக்கே வருவார். வட்டார அளவில்கூட மகப்பேறு மருத்துவரும் மயக்க மருந்து மருத்துவரும் கிடைப்பதற்கு இது ஒரு பெருங்காரணம். 2017-ஐ ஒட்டி இந்த ஒதுக்கீட்டுக்கு ஆபத்து வந்தது. மருத்துவர் சங்கங்கள் வழக்காடி, 2020 ஆகஸ்டில் மாநிலங்களுக்கு இந்த உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்புப் பெற்றன. இது ஏதோ மருத்துவர்களின் பதவிப் பிரச்சினை என்று அன்று செய்தித்தாளைப் புரட்டிவிட்டுப் போனவர்கள் பலர். அது கிராமத்துக் கர்ப்பிணியின் பிரச்சினை.

பலன் எண்களில் தெரிகிறது. 2018-20 கணக்குப்படி, உயிருடன் பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு இறக்கும் தாய்மார் இந்திய அளவில் 97, தமிழ்நாட்டில் 54. இங்கே அப்போது மூன்றில் இரண்டு பங்குப் பிரசவங்கள் அரசு மருத்துவமனைகளில் நடந்தன. இந்த இடத்தில் ஒருவர் குறுக்கிட்டு, கேரளத்தில் 19 பேர்தானே, அங்கே பெரும்பாலான பிரசவங்கள் தனியாரில்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கேரளத்தில் பெண்கள் படித்தவர்கள், கர்ப்பகாலக் கவனிப்பு வீடு வரை வேரூன்றியது, தனியாரை விட்டு நகர்ந்தால் போய் நிற்க அரசு மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. பிரசவ அறை யாருடையது என்பதைவிட, அதற்கு முந்தைய ஒன்பது மாதங்களை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பது முக்கியம் என்று கேரளம் காட்டுகிறது. அந்த ஒன்பது மாதத்தில் லாபம் இல்லை. தடுப்பூசி, குடிநீரில் குளோரின், கொசு ஒழிப்பு, காசநோயாளியை வீடு தேடிப் போய் மாத்திரை விழுங்கவைப்பது ஆகியவற்றிலும் லாபம் இல்லை. இவற்றைச் செய்ய அரசை விட்டால் ஆளில்லை. அதனால் இரண்டு முறைகளையும் மருத்துவமனைக் கட்டடங்களை மட்டும் வைத்து ஒப்பிடுவதே பாதி ஒப்பீடு.

இனி அரசு மருத்துவமனையின் குறைகள். இவற்றை மென்று விழுங்கக் கூடாது. சக்கர நாற்காலிக்குப் பணம், பிறந்த குழந்தையைக் காட்டப் பணம், அதிலும் ஆண் குழந்தை என்றால் கூடுதல் பணம். ஊரறிந்த இந்த அவமானம் இன்னும் முழுதாக ஒழியவில்லை. காலை புறநோயாளிப் பிரிவில் ஒரு மருத்துவர் நூறு பேருக்கு மேல் பார்க்கிறார். ஒருவருக்கு இரண்டு நிமிடம் என்றால், என்ன செய்கிறது என்று கேட்பதற்குள் அடுத்தவர் உள்ளே வந்துவிடுவார். மாலைக்குப் பிறகு மூத்த மருத்துவர்கள் பலர் சொந்தக் கிளினிக்கில் இருக்கிறார்கள். கழிப்பறையைப் பற்றி எழுதவே கை கூசுகிறது. அதைவிடக் கொடியது 'ஒருமை'. அறுபது வயது மூதாட்டியை 'இங்க வா, அங்க போ' என்பதற்கு எந்த நிதிப் பற்றாக்குறையும் காரணமாக இருக்க முடியாது. மரியாதைக்குப் பட்ஜெட் தேவையில்லை. தனியாருக்குப் போகும் ஏழைகளிடம் காரணம் கேட்டுப் பாருங்கள். மருந்தையோ கருவியையோ சொல்வதற்கு முன், 'அங்க மனுசனா மதிக்க மாட்டாங்க' என்பார்கள்.

சட்டத்திலும் ஒரு வேறுபாடு இருக்கிறது. 1995-இல் உச்ச நீதிமன்றம், பணம் வாங்கிச் செய்யும் மருத்துவம் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும் என்று தீர்ப்பளித்தது. எல்லோருக்கும் முற்றிலும் இலவசமாகச் செய்யும் மருத்துவமனைகள் அதற்கு வெளியே நிறுத்தப்பட்டன. தனியாரில் தவறு நடந்தால் நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். இலவச அரசு மருத்துவமனையில் நடந்தால் அந்த எளிய வாசல் மூடியிருக்கிறது. என் பாட்டியின் 'தர்மம்' என்ற சொல் சட்டப் புத்தகத்துக்குள்ளும் புகுந்துகொண்டது போலத்தான் இது எனக்குப் படுகிறது. வரி கட்டியவருக்கும் அந்த வாசல் திறக்க வேண்டும்.

இரண்டு முறைகளையும் இணைக்கும் பாலமாகக் காப்பீடு வந்தது. தமிழ்நாட்டில் 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டம், 2012 முதல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், 2018-இல் ஒன்றிய அரசின் திட்டம் வந்தபின் அதோடு இணைந்து ஆண்டுக்குக் குடும்பத்துக்கு ஐந்து லட்சம் வரை. ஏழையின் கையிலும் ஓர் அட்டை இருக்கிறது. அவர் பெரிய தனியார் மருத்துவமனையின் வாசலை மிதிக்க முடிகிறது. இது சிறிய மாற்றமில்லை. அரசு மருத்துவமனைகளும் இந்தத் திட்டத்தில் தொகை பெறுவதால், அவர்களுக்கும் கருவி வாங்கக் கொஞ்சம் பணம் கிடைக்கிறது. என் பெரியப்பாவின் இடுப்பில் இருக்கும் உலோகமே அதற்குச் சாட்சி.

ஆனால் காப்பீடு கட்டிலில் படுத்தபின்தான் கண் திறக்கிறது. சர்க்கரை நோய்க்கு மாதந்தோறும் வாங்கும் மாத்திரைக்கு அது வராது. கால் அழுகி எடுக்க வேண்டிய நிலை வந்தால் வரும். குடும்பங்களைச் சிறுகச் சிறுகக் கரைப்பதில் அந்த மாத்திரைச் செலவுக்குப் பெரும் பங்கு உண்டு. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இந்த ஓட்டையைத்தான் அடைக்கப் பார்க்கிறது. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் உள்ளவர்களுக்கு மாத்திரை வீட்டுக்கே வருகிறது. ஒரு சிறுநீரகத்தைக் காப்பாற்றும் மாத்திரைக்குச் செலவழிப்பதா, சிறுநீரகம் போனபின் டயாலிசிஸுக்குத் தனியாரிடம் கட்டுவதா? அரசு எந்தப் பக்கம் பணத்தைத் தள்ளுகிறது என்பதை நாம் ஒவ்வொரு நிதிநிலை அறிக்கையிலும் கவனிக்க வேண்டும். 2017-இன் தேசிய சுகாதாரக் கொள்கை, 2025-க்குள் நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதத்தை அரசுகள் மருத்துவத்துக்குச் செலவிடும் என்றது. 2021-22-இல் அது 1.84 சதவீதமாக இருந்தது.

அரசா தனியாரா என்று இரண்டாகப் பிரிக்கும்போது மூன்றாவது ஒன்று விட்டுப்போகிறது. 1976-இல் மதுரையில் ஓய்வுபெற்ற அரசுக் கண் மருத்துவர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். கட்டக்கூடியவர்களிடம் வாங்கி, கட்ட முடியாதவர்களுக்கு இலவசமாகச் செய்வது அவர் முறை. வெளிநாட்டிலிருந்து வந்த கண்வில்லையின் விலை ஏழைக்கு எட்டாததாக இருந்தபோது, 1992-இல் ஆரோலேப் மூலம் இங்கேயே செய்து விலையைச் சரித்தார்கள். முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் 1954-இல் எழுந்து, மருத்துவர் சாந்தாவின் வாழ்நாள் உழைப்பில் வளர்ந்த அடையாறு புற்றுநோய் மையமும், வேலூர் சி.எம்.சி.யும் இந்த வகை. இவை எதுவும் அரசுடையதில்லை. ஆனால் மிஞ்சும் பணம் பங்குதாரருக்குப் போகாமல் அடுத்த நோயாளிக்குப் போகிறது. உடைமை யாருடையது என்பதோடு, மிச்சம் எங்கே போகிறது என்றும் கேட்டால்தான் ஒப்பீடு முழுமையாகும்.

கடலுக்கு அப்பால், இலங்கையில் இந்தக் கேள்விக்கு வரலாறே ஒரு சோதனை நடத்தியிருக்கிறது. 1931-இல் அங்கே வயதுவந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை வந்தது. 1934-35-இல் மலேரியா ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. வாக்குக் கேட்டு வந்தவர்களிடம் மக்கள் ஆஸ்பத்திரி கேட்டார்கள். கிராமங்களில் அரசு மருத்துவமனைகள் எழுந்தன. 1951-இல் கட்டணமும் நீக்கப்பட்டது. பெரிய வருமானம் இல்லாத அந்த நாட்டில் சிசு மரணம் ஆயிரத்துக்குப் பத்துக்கும் கீழே வந்தது. தனியார் இல்லாமல் இல்லை. மாலையில் நிபுணரைச் 'சனல்' பண்ணிப் பார்ப்பவர்கள் ஏராளம். ஆனால் படுக்கையில் சேர வேண்டுமென்றால் பெரும்பாலோர் போவது அரசாங்க ஆஸ்பத்திரிக்கே. யாழ்ப்பாணத்தாருக்குப் பெரியாஸ்பத்திரி என்றால் அது இன்றும் அரசுடையதே. பெயரிலேயே ஒரு மதிப்பு இருக்கிறது.

அதே தீவில், அதே காலத்தில், தேயிலைத் தோட்டங்களில் உழைத்த மலையகத் தமிழர்களின் மருத்துவம் மட்டும் தோட்ட நிர்வாகத்தின் கையில் விடப்பட்டது. தோட்டத்துக்கு ஒரு டிஸ்பென்சரி, அதில் ஒரு மருத்துவ உதவியாளர். செலவு கம்பெனியுடையது என்பதால், அது கம்பெனியின் கணக்குக்குள் சுருங்கியது. 1948-இல் குடியுரிமை பறிக்கப்பட்டு வாக்கும் போனபின், ஆஸ்பத்திரி கேட்க அவர்களிடம் வாக்குச்சீட்டு இல்லை. நாட்டின் மற்ற பகுதிகளில் தாய்சேய் மரணம் வேகமாகக் குறைந்தபோது, தோட்டங்களில் பல பத்தாண்டுகள் அது உயர்ந்தே நின்றது. 1990-களுக்குப் பிறகுதான் அரசு தோட்ட மருத்துவமனைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளத் தொடங்கியது. ஒரே தீவு, ஒரே மழை, ஒரே மலேரியா. குடிமகனுக்கு ஒரு மருத்துவம், கூலிக்கு ஒரு மருத்துவம். அரசு மருத்துவம் யாருக்குக் கிடைக்கும் என்பதை வாக்கின் வலு தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிடத் துயரமான சான்று எனக்குத் தெரியவில்லை. அரசு முறையின் பலவீனமும் அதே இலங்கையில்தான் தெரிந்தது. 2022-இல் கருவூலம் வற்றியதும் மருந்து வற்றியது. அந்த மார்ச்சில் பேராதனை போதனா வைத்தியசாலையில் திட்டமிட்ட அறுவைச் சிகிச்சைகளே நிறுத்தப்பட்டன.

பிரிட்டனையும் அமெரிக்காவையும் பலர் விரிவாக எழுதிவிட்டதால் சுருக்கமாகச் சொல்கிறேன். 1948 ஜூலை 5 அன்று அனைரின் பெவன் தொடங்கிவைத்த தேசிய சுகாதாரச் சேவையில் இன்றும் யாரும் மருத்துவக் கடனில் வீட்டை இழப்பதில்லை. ஆனால் இங்கிலாந்தில் மட்டும் காத்திருப்போர் பட்டியல் 2023-இல் 77 லட்சத்தைத் தொட்டது. அமெரிக்கா தன் உற்பத்தியில் 17 சதவீதத்துக்கும் மேல் மருத்துவத்துக்குச் செலவழிக்கிறது, உலகிலேயே மிக அதிகம். அப்படியும் இரண்டரைக் கோடிப் பேருக்கு மேல் காப்பீடு இல்லாமல் இருக்கிறார்கள், ஆயுளும் மற்றப் பணக்கார நாடுகளைவிடக் குறைவு. பிரிட்டன்காரர் நேரத்தால் விலை கொடுக்கிறார். அமெரிக்கர் பணத்தாலும் சிலசமயம் உயிராலும் கொடுக்கிறார்.

இவ்வளவையும் பார்த்தபின் என் முடிவு இது. தனியார் மருத்துவம் வேண்டும். ஆனால் அது நல்லபடி நடப்பது பக்கத்தில் ஓர் அரசு மருத்துவமனை வலுவாக நிற்கும்வரைதான். ஊரில் ஜி.எச். நன்றாக இருந்தால் எதிரே உள்ள நர்சிங் ஹோம் கண்டபடி கேட்க முடியாது. நோயாளிக்கு எழுந்து போக ஓர் இடம் இருக்கிறது. ஜி.எச்.சில் மயக்க மருந்து மருத்துவர் இல்லாத நாளில் எதிர்ப்பக்கம் விலை ஏறும். அரசு மருத்துவமனையின் படியை ஒருநாளும் மிதிக்காதவரும், தன் பில்லில் அதன் பலனை அனுபவிக்கிறார். விலையைக் கட்டுப்படுத்தும் துணிவும் அரசுக்கு வேண்டும். 2017-இல் இதய ஸ்டென்ட்டுக்கு உச்சவிலை வைத்தபோது, லட்சத்துக்கு மேல் விற்றுக்கொண்டிருந்த மருந்து பூசிய ஸ்டென்ட் 29,600 ரூபாய்க்கு வந்தது. கொரோனா காலத்தில் தமிழ்நாடு தனியார் மருத்துவமனைகளின் தீவிர சிகிச்சைக்கு நாளொன்றுக்கு 15,000 ரூபாய் என்று வரம்பு வைத்தது. பேரிடரில் முடிந்தது சாதாரண நாளில் ஏன் முடியாது?

அரசு தனியாரிடம் மருத்துவம் வாங்குவதும் தவறில்லை, எதை வாங்குகிறது என்று தெளிவு இருந்தால். 2021 டிசம்பரில் வந்த 'இன்னுயிர் காப்போம்' திட்டம் நல்ல எடுத்துக்காட்டு. சாலையில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையைத் திட்டத்தில் சேர்ந்த எந்த மருத்துவமனை தந்தாலும் ஒரு வரம்பு வரை கட்டணத்தை அரசு ஏற்கிறது. விபத்து காத்திருக்காது, அருகில் உள்ளது தனியார் என்றால் அங்கேதான் போக வேண்டும். ஆனால் அரசு மருத்துவமனையே செய்யக்கூடிய அறுவைகளுக்கும் வெளியே பணம் கட்டிக்கொண்டே, உள்ளே செவிலியர் இடங்களைக் காலியாக வைத்திருப்பது சொந்த வயலைத் தரிசாகப் போட்டுவிட்டுக் கடையில் அரிசி வாங்குவது.

அரசு மருத்துவமனை பலவீனமானதற்கு அரசு மட்டும் காரணமில்லை. நாமும் காரணம். கேள்வி கேட்கத் தெரிந்தவர்கள், மனு எழுதத் தெரிந்தவர்கள், செய்தியாளரை அழைக்கத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக அங்கிருந்து வெளியேறினோம். தரையில் படுப்பவர் குரல் மட்டும் அங்கே மிஞ்சியது. ஆகவே வாசகரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை குழந்தைக்குத் தடுப்பூசி போடவோ, ரத்த அழுத்தம் பார்க்கவோ, உங்கள் பகுதியின் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். வரிசையில் நில்லுங்கள். மருந்து இருக்கிறதா, கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, முதியவரை எப்படி அழைக்கிறார்கள் என்று பாருங்கள். நன்றாக இருந்தால் அந்தச் செவிலியரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். குறை இருந்தால் 104-ஐ அழைத்துப் பதிவு செய்யுங்கள். அந்த எண் 24 மணி நேரமும் இயங்குகிறது.